லைலாக் புதர்களுக்கு நடுவே

"அந்தத் தொப்பியைக் கழட்டுங்க தெல்மா. அது எங்க கொள்ளுப்பாட்டியோடது."

"உங்க பாட்டியா? நாப்பது வருஷமா என் தலையில இருக்கு. நீங்க ஐடஹோவுல இருந்து வந்து இன்னும் பெட்டியே பிரிக்கலை."

தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் விருந்து. உருளைக்கிழங்கு சாலட்டுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் லோர்னா டீஸ்டேல். மற்றவர்கள் எல்லாரும் காதால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சாலட்டில் கடுகு தூக்கல். என் தோழி வெர்னா செய்தது, அவள் கைக்கு எல்லாமே தூக்கல்தான்.

தொண்டையைச் செருமாதே கர்ட்டிஸ். நீ இந்த ஊர்ப் போலீஸ் ஷெரிப்பாகவே இருந்துவிட்டுப் போ. உன் அப்பா அம்மா எந்த மாதம் கல்யாணம் செய்தார்கள், நீ எந்த மாதம் பிறந்தாய் என்று எனக்குத் தெரியும். பலகையைப் பற்றித்தானே கேட்டாய், வருகிறேன்.

அந்தத் தொப்பிக்குச் சொந்தக்காரி கெசையா பெர்சல், இங்கே குடியேற மாட்டுவண்டியில் நெப்ராஸ்காவுக்கு வந்தவள். புல்மண்ணை வெட்டி அடுக்கி வீடு கட்டினாள். புருஷனையும் ஒரு கைக்குழந்தையையும் புதைத்த பிறகும் நிலத்தை விடவில்லை. ஒவ்வொரு கோடையிலும் ஊர்த் திருநாள் ஊர்வலத்தின் முதல் வண்டியில், அவளுடைய வெயில் தொப்பியைப் போட்டுக்கொண்டு அவள் வம்சத்துப் பெண் ஒருத்தி உட்கார வேண்டும். முதலில் என் அத்தை, பிறகு நான். லோர்னா வந்த வருடம் என் பேத்தி ஹாலிக்குக் கொடுப்பதாக இருந்தேன்.

லோர்னா வம்சம் தேடி வந்தவள். கெசையாவின் மூத்த மகள் வழி. எச்சிலைக் குப்பியில் துப்பி அனுப்பினால் சொந்தக்காரர்களைக் காட்டுகிறார்களே, அதை என்னையும் செய்ய வைத்தாள். நானும் ஆசையாகத் துப்பினேன். ஐடஹோவில் இருக்கிற அத்தனை பேரோடும் அவளுக்கு ஒட்டியது, என்னோடு மட்டும் ஒட்டவில்லை. என் தாத்தா ஆமோஸ் கெசையா பெற்ற பிள்ளை இல்லையாம். நியூயார்க்கிலிருந்து அனாதைப் பிள்ளைகளை ரயிலில் ஏற்றி வந்து, வேண்டியவர்கள் பல்லைப் பார்த்துக் கூட்டிப்போன காலம் அது. கெசையாவும் ஒருவனைக் கூட்டிப்போயிருக்கிறாள், மாடு பார்க்க.

விருந்து முடிந்ததும் லோர்னா என்னைத் தனியாக அழைத்தாள்.

"கோவத்துல பேசிட்டேன் தெல்மா, மனசுல வெச்சுக்காதீங்க. ஆமோஸ் விஷயத்தை ஊர்வலத்தன்னிக்கு மேடையில நானே பக்குவமா சொல்லிடறேன். ஹாலியும் வரட்டும், வண்டியில என் பக்கத்துல உக்காரட்டும்."

பக்கத்தில். நல்ல மனசுக்காரி, மறுக்கவில்லை.

கெசையாவின் செத்த குழந்தையின் கல்லறையைப் பார்க்க வேண்டும் என்றாள். மறுநாள் காலை கெசையாவின் பழைய நிலத்துக்கு என் வண்டியிலேயே கூட்டிப்போனேன். சோளக்காட்டு நடுவே லைலாக் புதர் நின்றால் அங்கே ஒரு வீடு இருந்தது என்று அர்த்தம். வீடு இருந்தால், கையால் தோண்டிய கிணறு ஒன்றும் இருக்கும். மேலே உளுத்த பலகை, அதன்மேல் புல். இது இங்கே பிறந்த எல்லாருக்கும் தெரியும். அவள் நகரத்தில் வளர்ந்தவள்.

"குழந்தை எங்க இருக்கு தெல்மா?"

"அந்த ரெண்டு லைலாக்குக்கு நடுவுல. புல்லை விலக்கிப் பாருங்க."

என் கை அவள்மேல் படவேயில்லை.

கெசையா நட்ட ருபார்ப் செடி இன்னமும் அங்கே முளைக்கிறது. நல்ல சிவப்புத் தண்டு, நல்ல புளிப்பு. பறித்தேன். லோர்னா கீழேயிருந்து முதலில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள், அப்புறம் தன் புருஷன் பெயரை. ருபார்பை வெட்டக்கூடாது, நிதானமாகத் திருகி இழுக்க வேண்டும். கூடை நிறைந்தபோது சத்தம் நின்றிருந்தது.

அவளை நெடுஞ்சாலை உணவகத்தில் இறக்கிவிட்டேன் என்று சொன்னேன். யாரோ ஒரு ஆம்பிளையோடு பேசிக்கொண்டிருந்தாள் என்று மட்டும் சேர்த்தேன். மிச்சத்தை ஊரே சேர்த்துக்கொண்டது. தேடப் போனவர்களுக்கு அந்த ருபார்பை மாவில் பொதிந்து சுட்டுக் கொடுத்தேன். நீ இரண்டு துண்டு சாப்பிட்டாய் கர்ட்டிஸ்.

ஊர்வலத்தில் ஹாலிதான் உட்கார்ந்தாள். "பாரு, பெர்சல் ரத்தம். உக்கார்ற தோரணையே தனி," என்றேன் வெர்னாவிடம்.

அவள் சிரித்துவிட்டாள். "என்னடி ரத்தம்? ஆமோஸ் ரயில்ல வந்த பையன்னு எங்கம்மா காலத்துலயே ஊருக்கே தெரியும். கெசையா வளத்தா, தொப்பியை உங்க வீட்டுக்குக் குடுத்தா, அவ்வளவுதான். உனக்கும் தெரியும்னுல்ல நெனச்சேன்?"

ஊர்க்கதை முழுக்க என்னிடம்தான் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். அன்றைக்கும் சாலட்டில் கடுகு தூக்கலாக இருந்தது. அது மட்டும் நினைவிருக்கிறது.

லோர்னாவின் புருஷன் க்ளென் விடுதியில் கொஞ்ச நாள் காத்திருந்தான். ஓடிப்போனவள் என்று எல்லாரும் சொல்லச் சொல்ல அவனும் நம்பி, ஊர் திரும்பி வேறு கல்யாணம் செய்துகொண்டான். புதுப் பெண்டாட்டிக்குச் சமையல் நன்றாக வருமாம். வெர்னா அரிசோனாவுக்கு மகனோடு போய்விட்டாள். ஹாலி ஒமாஹாவில் ஒரு பல் வைத்தியனைக் கட்டிக்கொண்டாள். தொப்பியை எடுத்துப்போகவில்லை. இப்போது நிலத்தை வாங்கியவன் லைலாக்கைப் பிடுங்கி, கிணற்றுக்குள் எட்டிப்பார்த்து உன்னைக் கூப்பிட்டுவிட்டான்.

கிணற்றின் மேல் புதுப் பலகை யார் போட்டது என்றுதானே கேட்டாய்? நான்தான். பார்க்காமல் யாராவது கால் வைத்து விழுந்துவிட்டால் பாவம் இல்லையா.