பிளானில் இல்லாத சுவர்

இருந்தவர்கள்: வெளிநாட்டு வேலையை முடித்துக்கொண்டு அன்று காலை வந்திறங்கிய கணவன், அவன் மனைவி, புது வீட்டைக் கட்டிய மேஸ்திரி.

— பிளான்ல இந்தச் சுவரே கிடையாது, மேஸ்திரி. ஹால் அந்தக் கோடி வரைக்கும் போகணும். நடுவுல எவன் கட்டினான்?

— நான்தான் சார். பாருங்க, தங்கச்சி சொன்னாங்க, கட்டினேன்.

— அவ சொன்னா கட்டிடுவியா? பிளான் போட்டு அனுப்பினது நான்யா!

— அவரை எதுக்கு விரட்டுறீங்க? என்னைக் கேளுங்க.

— கேட்கிறேன். நீ அனுப்பின ஒரு போட்டோவுலகூட இது இல்லையே?

— சுவர்ல முதுகை ஒட்டி நின்னு ஹாலை எடுத்தேன். சமையல்கட்டைத் தனியா எடுத்தேன், படுக்கை அறையைத் தனியா எடுத்தேன். எல்லாத்தையும் ஒண்ணா ஒட்டிப் பார்த்தது நீங்க. பிளான் கையில இருக்கேங்கிற தைரியம்.

— கண்ணைக் கட்டி ஏமாத்தியிருக்க.

— உங்க கண்ணையா? நான் வாடகை வீட்டுல இருந்தப்ப தினம் வீடியோவுல கூப்பிட்டு, அந்த மூலையைக் காட்டு, கதவுக்குப் பின்னால காட்டு, கட்டிலுக்கு அடியில காட்டுன்னீங்க. குளிக்கப் போனாலும் போன் கூடவே வரணும்.

— புருஷன் கேட்டா தப்பா?

— தப்பு சரி பேச எனக்குத் தெம்பில்ல. நீங்க பார்க்காத இடம் எனக்கு வேணும். அவ்வளவுதான்.

— ஓகோ, மகாராணிக்குத் தனி அறை! மேஸ்திரி, சம்மட்டியை எடு. இடி.

— பாருங்க சார், மனை தங்கச்சியோட அம்மா குடுத்தது. அவங்க சொல்லாம ஒரு செங்கல்லைத் தொட மாட்டேன்.

— கூட்டுக் களவாணிங்களா! ஏய், தள்ளு. இந்தச் சுவர்ல வெச்சிருக்கிற கதவுக்கு அந்தாண்ட என்ன இருக்குன்னு நான் பார்க்கணும்.

— வந்து இறங்கி முகம்கூட கழுவல, ஆரம்பிச்சாச்சு. நான் உள்ள போறேன்.

— போ, போய் உன் பொந்துல கிட! பசிச்சா வெளிய வந்துதானே ஆகணும்... ஏய், கதவைச் சாத்தாதே! ஏய்!

— பூட்டிட்டாங்க சார்.

— பூட்டட்டும். எத்தனை நாளைக்குன்னு பார்க்கிறேன். தொண்டை காயுது. சமையல்கட்டுக்கு வழி எது?

— அந்தக் கதவுதான் சார்.

— வேற வழி?

— வைக்கல. குளியலறை, படுக்கை அறை, மாடிப்படி, பின்வாசல், எல்லாமே அந்தப் பக்கம். பாருங்க சார், தனியா ஒரு அறையைத் தடுத்துக் குடுத்தது தங்கச்சிக்கு இல்ல. உங்களுக்குத்தான். அதுலதான் நிக்கிறீங்க.