மலைப் பங்களாவுக்குப் போன வழி

இட ஒதுக்கீட்டு மறியல் ஓய்ந்து, தியாகதுருகத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு மறுபடி பஸ் ஓடிய நாள். என் முன்சீட்டில் தோளில் துண்டு போட்ட ஒரு பெரியவரும் அவருடைய அக்கா மகனும்.

"மறியலுக்கு ரோட்டுல நாங்க வெட்டிப் போட்ட புளியமரமே எங்க வேன மறிச்சிக்கிச்சி மாப்ள" என்றார் பெரியவர். நான் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்.

"கல்வராயன் மலையில பெரிய பங்களா வாடகைக்குப் பேசி, மொத்த தெருவும் கறிவிருந்துக்கு ஆட்டோட கெளம்பனீங்களே, அந்த வேனா மாமா?"

"அதேதான். காலைல மறியல், மத்தியானம் பங்களான்னு திட்டம். வேன அந்தாண்ட நிறுத்திட்டு வெட்டணும்னு எவனுக்கும் தோணல."

"மரத்த நவுத்திட்டுப் போறதுதான?"

"கொள்கைன்னு ஒண்ணு இருக்குது இல்ல? அதுக்குள்ள போலீஸ் வந்து எல்லாரையும் கைது பண்ணிட்டாங்க. கல்யாண மண்டபமெல்லாம் ஏற்கெனவே ரொம்பிப் போச்சி. பெரிய எடமா தேடிக்கினு போயி, கடைசில அந்த பங்களாவுலயே கொண்டாந்து அடைச்சாங்க."

"அப்புறம் இன்னா மாமா கொற?"

"சாயங்காலமே வுட்டுட்டாங்கடா! ரெண்டு நாளைக்குப் பேசியிருக்கோம், நாளைக்கும் அடைச்சி வையிங்க சார்னு அந்த இன்ஸ்பெக்டர்கிட்ட எவ்ளோ கெஞ்சனோம் தெரியுமா? சட்டத்துல எடமில்லன்னுட்டாரு."