கலண்டருக்கு ஒரு மாத்தாள்

— இல்ல மீராமுகைதீன், நான் கேக்காததுக்கெல்லாம் மறுமொழி சொல்லாதீங்க. நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. போன சனிக்கிழமை கல்முனைக்கு, என்ட ஸ்டூடியோவுக்கு, துணிக்கடைச் சாரன் கலண்டருக்குப் படம் பிடிக்க வாறண்டு வாக்குத் தந்தது ஆரு?

— மீராமுகைதீன்.

— அதாவது நீங்க.

— ஓம் ஜவுபர் காக்கா. அதத்தான் சொல்றன்.

— வந்தது ஆரு?

— அபுல் ஹஸன்.

— அவர் ஆரு?

— என்ட பொஞ்சாதிர தம்பி. இறக்காமத்தில எங்கட வளவுக்கு அடுத்த வளவு. நல்ல குணமான ஆள் காக்கா. பழகிப் பாத்தா ஒங்களுக்கும் பிடிக்கும்.

— குணத்த கெமராவில பிடிக்க ஏலாது. எனக்கு வேண்டியது நீங்க.

— மெதுவாக் கதைங்க காக்கா. இந்த அக்கரைப்பற்றுக் கொமினிகேசன் டெலிபோன் கடையில எனக்குப் பொறகால நாலு பேர் வரிசையில நிக்காங்க. லைன்ல ஒரே இரைச்சல், ஒங்கட குரல் கடலுக்குள்ள இருந்து வாற மாதிரி இரிக்கி. ஆனா ஏசுறது மட்டும் எல்லாருக்கும் கேக்குது.

— கேக்கட்டும். ஏசுறத்துக்கெண்டுதான் ஒங்கள மூணு மணிக்கு அந்தக் கடைக்கு வரச் சொல்லி அனுப்பினது. ஒழுங்கு முறையா ஏசப் போறன், குறுக்கால கதைக்கப்படாது, விளங்குதா? ஒண்டாவது. படத்துக்கு நிக்க வாறண்டு சொன்ன ஆள், வர ஏலாட்டி முதல் நாளே அறிவிக்கணும்.

— ஓம்.

— ஏன் அறிவிக்கல்ல?

— அறிவிச்சதுதானே. வெள்ளிக்கிழமையே கல்முனை பஸ் கொண்டக்டர்ட்ட சொல்லி அனுப்பினது.

— என்னெண்டு?

— ‘ஸ்டூடியோக் காக்காட்ட சொல்லுங்க, நாளைக்கு ஆள் கட்டாயம் வரும்’ எண்டு.

— ஆள் வரும் எண்டா நீங்க வருவீங்க எண்டுதானே நாங்க நினைப்பம்? ‘மீராமுகைதீன் வரமாட்டார், வேற ஆள் வரும்’ எண்டு சொல்லாதது என்னத்துக்கு?

— எனக்கு அண்டைக்கு வயல்ல கதிர் வெட்டு. ஆள் வந்தாச் சரிதானே காக்கா, வேல நிக்கப்படாது. எங்கட வயல் பக்கம் வெட்டுக்கு வாறண்டு வாக்குத் தந்தவனுக்குக் காய்ச்சல் வந்தா, விடியக்குள்ள அவன்ட தம்பியோ மச்சானோ தாக்கத்தியோட வரம்பில வந்து நிப்பான். மாத்தாள் அனுப்பாதவனத்தான் ஊர் ஏசும். அனுப்பினவன இது வரைக்கும் ஒருத்தரும் ஏசினது இல்ல. நீங்கதான் முதலாவது.

— இது வெள்ளாமை வெட்டு இல்ல மீராமுகைதீன். கதிருக்கு, தன்ன வெட்டுறவன்ட மூஞ்சி தேவல்ல. கலண்டருக்கு மூஞ்சிதான் தேவ. தொண்ணூற்றி ஒம்பதாம் ஆண்டுக் கலண்டர், ஆறு தாள், தாளுக்கு ரெண்டு மாசம், தாளுக்கு ஒரு சாரன். முதல் மூணு தாளிலயும் நீங்க. ஜனவரி தொடங்கி ஜூன் வரைக்கும் ஆறடி ஆள் மீசையும் தோளுமா ராசா மாதிரி நிக்கார். ஜூலை பொறந்த உடன ஆள் ஒரு முழம் கட்டையாப் போறார்.

— ஒரு முழமெல்லாம் இல்ல. கூடினா நாலு விரக்கடை.

— கலண்டர் அடிக்கிற துணிக்கடை அப்துல் ஸமட் ஹாஜியார் அந்தப் படத்தப் பாத்திட்டு என்ன சொன்னார் தெரியுமா? ‘என்ட கடைச் சாரன் கழுவக் கழுவச் சுருங்கும் எண்டு ஏற்கனவே ஊருக்குள்ள ஒரு கதை இரிக்கி. இப்ப அத உடுத்த ஆளும் சுருங்குவான் எண்டு நீங்களே படம் பிடிச்சுத் தந்திருக்கீங்க’ எண்டார்.

— அல்லாவே. அப்பிடியா சொன்னார்?

— வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பொறகு சரியான படம் ஆறும் அவர்ர கையில இருக்கணும். இல்லாட்டி வேல வேற ஸ்டூடியோவுக்குப் போயிடும். போனா முதல் வெட்டு சாலிஹுக்குத்தான்.

— சாலிஹ் ஆரு?

— என்ட மச்சான். ஸ்டூடியோவில எனக்குக் கூடமாட நிக்கிறவர். அபுல் ஹஸனப் படம் பிடிச்சதும் அவர்தான். இந்த வேல கெட்டா அவர நிப்பாட்டிப் போடுறண்டு முடிவு. திரும்பவும் அவர்ர வாப்பாட மீன் வாடிக்குப் போய் ஐஸ் ஒடைக்கணும். ஐஸ் ஒடைக்கிற கை விறைச்சுப் போகும் மீராமுகைதீன். நாலு வருசமா கெமரா பழகின கை. அந்தப் பாவம் ஒங்களச் சும்மா விடாது.

— நீங்க ஒங்கட மச்சான்ல நல்ல இரக்கம் காக்கா.

— அவர் நல்லவர். சரி, பொறுங்க. ரெண்டாவது. ரெண்டாவது எங்க போச்சு... ஆ, இரிக்கி. ரெண்டாவது. படத்துக்கு வாற ஆள், வந்த உடன தன்ட பேரையும் வந்த காரணத்தையும் சொல்லணும்.

— சொல்ல விட்டாத்தானே. கால எடுத்து உள்ளுக்கு வெச்ச உடன ஒங்கட சாலிஹ் ‘இறக்காமமா?’ எண்டு கேட்டிருக்கார். ‘ஓம்’ எண்டு வாயெடுக்க முன்னம் சாரனத் தூக்கிக் கையில தந்து, ‘இனிக் கதைக்கப்படாது, கதைச்சா முகம் கோணும்’ எண்டு சொல்லிப்போட்டார். நாலு மணித்தியாலம். எச்சில் முழுங்கவும் பயம். நுளம்பு மூக்கில இருந்து குத்திச்சு, அடிக்கல்ல. கலண்டருக்கு இவ்வளவு அடக்கமா நிண்ட ஆள் கல்முனையில இருப்பானா?

— அது மெய்தான். சிலை மாதிரித்தான் நிண்டார். ஆனா சாலிஹையும் பிழை சொல்ல ஏலாது. ஒங்கள அவர் முன்னப்பின்னக் கண்டதில்ல, அவருக்குக் கிடைச்சது ஒரு துண்டுக் காயிதம். ‘இறக்காமத்தில இருந்து மீசைக்கார ஆள் ஒண்டு வரும், நாலாம் அஞ்சாம் ஆறாம் சாரன உடுத்திப் படம் பிடி’ எண்டு. இறக்காமத்தில இருந்து ஆள் வந்திட்டு. மீசைதான் இல்ல.

— அதுக்காகக் கரிக்கட்டையால மீசை கீறுறதா?

— காயிதத்தில மீசை எண்டு இருந்ததே. சொன்ன வேலயச் சொன்ன மாதிரிச் செய்யத்தானே வேணும்?

— மூணாவது சாரன் உடுத்தக்குள்ள வேர்வையில ஒரு பக்கம் வழிஞ்சு நாடிக்கு வந்திட்டு. நவம்பர் டிசம்பர்ல மீசை ஒரு பக்கம்தான். சவுக்காரம் போட்டும் போகல்ல, தேங்காயெண்ணெய் போட்டும் போகல்ல, மூணு நாளா மூக்குக்குக் கீழ எரிவு காக்கா.

— ஒங்களுக்கு எரியிற மாதிரிச் சொல்றீங்க.

— அவன் சொன்னான். பக்கத்து வளவுதானே.

— சரி. அண்டைக்கு ஒங்களுக்கு வெட்டு எண்டா, அபுல் ஹஸன வயலுக்கு அனுப்பிப்போட்டு நீங்க படத்துக்கு வந்திருக்கலாம்தானே? இத ஏன் ஒங்கட ஊரில ஒருத்தரும் யோசிக்கல்ல?

— யோசிச்சதுதான். வயல்காரர் ஒத்துக்கொள்ளல்ல. அபுல் ஹஸன் வெட்டினா அரைவாசிக் கதிர் வயல்லயே நிக்கும் எண்டு சொல்லிட்டார். படத்துக்கு நிக்கத்தானே வேணும், நிக்க அவனுக்கு ஏலும் எண்டு எல்லாருமாச் சேந்து அனுப்பினது. ஆனா அது அநியாயக் கதை காக்கா. அவன் இடது கைக்காரன். எல்லாரும் வலப்பக்கமாச் சரிச்சு வெட்டக்குள்ள இவன் மட்டும் எதிர்ப்பக்கம் வெட்டினா முட்டுப்படும்தானே. அத ஒருத்தரும் விளங்கிக்கொள்றல்ல.

— அத விடுங்க. மூணாவது. படம் பிடிக்கிற ஆள ஒருத்தரும் காத்திருக்க வைக்கப்படாது.

— இப்ப நான் ஒண்டு கேக்கலாமா?

— குறுக்கால கதைக்க வேணாமெண்டு சொன்னன்.

— ஒண்டே ஒண்டு. முதல் மூணு சாரனும் பிடிச்ச அண்டைக்கு, படம் ஏழு மணிக்கெண்டு சொன்னது நீங்க. சுபஹு தொழுதிட்டு முதல் பஸ்ஸில வந்து ஒங்கட ஸ்டூடியோப் படியில குந்தி இருந்த ஆளுக்கு, கதவு திறந்தது பத்து மணிக்கு. ‘பிந்தினதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்க’ எண்டு ஒரு சொல் இல்ல. ரெண்டாம் தரம், போன சனிக்கிழமை, நீங்க வரவே இல்ல. எங்க போனீங்க?

— ஒரு கலியாண வீட்டுப் படம் வந்திட்டு.

— முதல் நாளே அறிவிச்சீங்களா?

— அறிவிக்கல்ல.

— அப்ப படத்துக்கு நிக்கிறண்டு சொன்ன ஆளும் வரல்ல, படம் பிடிக்கிறண்டு சொன்ன ஆளும் வரல்ல. அந்தப் பக்கம் ஒரு மச்சான், இந்தப் பக்கம் ஒரு மச்சான். ஏச்சு மட்டும் ஏன் காக்கா ஒரு பக்கத்துக்கு?

— பொறுங்க, பாத்துச் சொல்றன். அதுக்கு இதில மறுமொழி இல்ல.

— எதில?

— என்ட மனசில. நீங்க கேட்டது ஞாயம்தான் மீராமுகைதீன். ஆனா ஞாயத்த அப்துல் ஸமட் ஹாஜியார் கலண்டர்ல அடிக்கமாட்டார். நாளைக்கு வியாழன். விடிய எட்டு மணிக்கு நீங்க, நீங்களே, ஒங்கட மீசையோட கல்முனையில நிக்கணும். மூணு சாரன். லுஹர்த் தொழுகைக்கு முன்னம் முடிச்சு அனுப்புறன், பின்னேரமே படத்தக் கழுவிப் போடலாம். வாறீங்களா?

— ஓம்.

— இப்பிடி லேசா ஓம் எண்டா எனக்குப் பயம் வருது.

— வேற என்ன சொல்ல? எல்லாத்துக்கும் ஓம் சொல்லு எண்டுதான்... ஓம் காக்கா. ஆனா ஒரு கேள்வி. அபுல் ஹஸன்ட படங்கள என்ன செய்வீங்க? கிழிச்சுப் போடுவீங்களா?

— வேற என்னத்துக்கு உதவும்?

— கிழிக்காதீங்க. அவனுக்கு அடுத்த மாசம் நிக்காஹ். பொண்ணு அக்கரைப்பற்று, பேர் நஜ்லா. பொண்ணுட வாப்பா இவன ஒரு விசயத்துக்கும் உதவாதவன் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்த மனிசன். கலண்டர்ல ஆறு மாசம் நான் தொங்குவன் எண்டு இவன் சொன்ன உடன, அவர் கூடத்துச் சுவரில ஆணியும் அடிச்சுப்போட்டார். இப்ப கலண்டர் வந்து, ஜனவரியிலயும் மீரா, டிசம்பர்லயும் மீரா எண்டா, அந்த ஆணியில இவன் மானம்தான் தொங்கும்.

— ஐயோ பாவம்.

— ஒரே ஒரு படம் காக்கா. ஜூலைப் படம். அதில மீசை ரெண்டு பக்கமும் சரியா இரிக்கி.

— ஜூலைப் படம் நல்ல படம்தான். வெளிச்சம் அதில நல்லா விழுந்திருக்கு. எடுத்த ஆளுக்கே அது தெரியும். சரி, அதப் பெரிசாக்கித் தாறன். ஆனா முதல்ல நீங்க வாக்குத் தரணும். இந்தத் தரம் ஆள் வரும் எண்டு சொன்னா ஏத்துக்கொள்ள மாட்டன். பேர் சொல்லிச் சத்தியம் பண்ணுங்க. ‘வல்லாஹி, மீராமுகைதீனாகிய நான் நாளைக்கு வருவன்’ எண்டு.

— சத்தியமா?

— சத்தியம்.

— ஓம் எண்டு சொன்னாக் காணாதா?

— காணாது.

— அல்லாட பேரச் சொல்லியா?

— அவன்ட பேரச் சொல்லித்தானே சத்தியம். ஏன் இப்பிடி நெளியிறீங்க?

— காக்கா, நான் இவ்வளவு நேரமும் சமாளிச்சிட்டன். பொய்ச் சத்தியம் மட்டும் பண்ண ஏலாது. நிக்காஹும் வருது. நான் மீராமுகைதீன் இல்ல.

— என்ன?

— மீரா மச்சானுக்கு இண்டைக்குச் சூடடிப்பு. நெல்லுப் பிரிக்கிற மெசின் வந்திட்டு, விட்டிட்டு வர ஏலாது. மூணு மணிக்குப் போய் ஏச்சு வாங்குறண்டு வாக்குக் குடுத்திட்டன், வாக்குப் பிழைக்கப்படாது, நீ போய் நில்லு, எல்லாத்துக்கும் ஓம் சொல்லு எண்டு என்ன அனுப்பினார். நான் அபுல் ஹஸன்.

— அந்த அபுல் ஹஸனா? வாயத் திறக்காம நிண்ட ஆளா?

— ஓம். ஏசுங்க காக்கா, அது என்ட ஏச்சுத்தான். ஆனா நாளைக்கு எட்டு மணிக்கு மச்சான் அங்க நிப்பார். சூட்டுக் களத்தில இருந்து சட்டையப் பிடிச்சு இழுத்துக்கொண்டு வாறன். இதுக்கு நான் வல்லாஹி சொல்றன், என்ட பேரில, என்ட வாயால. ஒண்டு மட்டும். மச்சான் அவ்வளவு தூரம் வந்தாப் பொறகு கெமராவுக்குப் பின்னால வேற ஆரும் நிண்டா என்ட முகத்துக்கு மதிப்பில்ல. நீங்களும் சத்தியம் பண்ணுங்க ஜவுபர் காக்கா. ‘வல்லாஹி, ஜவுபராகிய நான் நாளைக்கு நிப்பன்’ எண்டு.

— அதச் சொல்ல ஏலாது அபுல் ஹஸன். ஜவுபர் மச்சான் மருதமுனையில ஒரு கலியாண வீட்டுக்குப் போயிட்டார், நாளைக்கும் அங்கதான். ஏச வேண்டியத ஒரு தாளில எழுதித் தந்திட்டுப் போனார், நான் வாசிச்சன். நான் சாலிஹ்.