நஸீஹாவுக்குக் கொடுத்த அனுமதி

எங்கள் மருத்துவமனை அலுவலகத்தில் மாலையில் கணினியை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் யாரும் இல்லை. திரையை மட்டும் பூட்டுவார்கள், மேலே ஒரு துணியைப் போர்த்துவார்கள், கிளம்பிவிடுவார்கள். பெட்டி வாரக்கணக்கில் உள்ளுக்குள் முனகிக்கொண்டே கிடக்கும். இதற்கு நானும் ஒரு காரணம். ஆறு வருடத்துக்கு முன்பு எல்லாக் கணினியிலும் பழைய இயங்குதளத்தை எடுத்துவிட்டு லினக்ஸைப் போட்டவன் நான்தான். அன்றைக்கு, இதை அணைக்கவே வேண்டாம், ஒரு வருஷம் நிறுத்தாமல் ஓடும் என்று பெருமை அடித்தேன். ஸ்ஃபாக்ஸ் நகரத்துக் கடைத்தெருவில் பிறந்தவனுக்குச் சரக்கைப் பற்றிக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்ல வரும்.

ஐயா, தலைநகரிலிருந்து விசாரணைக்கு வந்த நீங்கள் என்னிடம் கேட்டது ஒரே ஒரு வரி. கோளாறு இயந்திரத்தில் இல்லை, எழுத்தர் நஸீஹா கணக்கை விட்டு வெளியேறி மறுபடி நுழையாததே காரணம் என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னீர்கள். அந்த வரியில் பொய் எதுவும் இல்லை. இருந்தாலும் நீங்கள் கொடுத்த தாள் பெரிதாக இருக்கிறது. மீதி இடத்தையும் நிரப்பிவிடுகிறேன்.

நஸீஹா அக்காவின் வேலை, உறுப்பு மாற்று சிகிச்சைக்கான கோப்புகளை ஸ்கேன் செய்து தலைநகரில் ஒப்புதல் தரும் குழுவுக்கு அனுப்புவது. குழு வருடத்துக்கு மூன்று முறைதான் கூடும். கடைசி நாள் மதியம் பன்னிரண்டுக்குள் வந்த கோப்பை எடுத்துக்கொள்வார்கள், பிந்தி வந்தது அடுத்த கூட்டத்துக்குப் போகும். கைப்பேசியில் எடுத்த படம் செல்லாது. கோப்பு கட்டடத்தை விட்டு வெளியே போகவும் கூடாது. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த விதிகள். அந்த அக்டோபர் கூட்டத்துக்குப் போக வேண்டிய கோப்புகளில் ஒன்று என் அண்ணன் ஷெத்லியுடையது. நாற்பத்தொரு பக்கம். அதில் சிறுநீரகம் கொடுப்பவர் என்று எழுதியிருந்த இடத்தில் என் பெயர் இருந்தது.

அண்ணனுக்கு ஏழு வருடமாக டயாலிசிஸ். ஊசி ஏற்ற இடம் கிடைக்காமல் கையில் முடிந்து, கழுத்தில் முடிந்து, கடைசியாகத் தொடைக்கு வந்திருந்தார்கள். அண்ணனுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் அம்மா எங்கள் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னார்: இந்தக் கூட்டத்தை விட்டால் அடுத்த நான்கு மாதத்தை இந்த ரத்தக் குழாய்கள் தாங்காது. அண்ணி அழுதாள். அண்ணன் மட்டும் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். "இவன் சின்ன வயசுல என் சட்டை, செருப்பு, சைக்கிள் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டான் டாக்டர். இப்பத்தான் ஒண்ணே ஒண்ணு திருப்பிக் குடுக்கறான், அதுவும் பழசு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நான் அதைக் கொடுப்பதாகச் சொன்னது முந்தைய வருடப் பெருநாளன்று. கிண்ணங்களில் திராட்சைக் குழம்பும், தட்டில் உப்புமீனும் இருந்தன. யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். சொன்னதும் அண்ணி எழுந்து வந்து என் கையை முத்தமிட்டாள். அதற்குப் பிறகு வந்த பதினொரு மாதம் போல என் வாழ்க்கையில் வேறு காலம் இருந்ததில்லை. வெள்ளிக்கிழமை குஸ்குஸ் சாப்பாட்டில் மீனின் நடுத்துண்டு எனக்கு வந்தது. காப்பிக் கடையில் நுழைந்தால் சீட்டாடுகிறவர்கள் நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தார்கள். நாற்பத்து மூன்று வயது வரை ஷெத்லியின் தம்பி என்று அறியப்பட்டவன் நான். அந்த வருடம்தான் ஷெத்லியை வஜ்தியின் அண்ணன் என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

நீதிமன்றத்திலும் போய்ச் சம்மதம் சொன்னேன். யாராவது வற்புறுத்தினார்களா என்று நீதிபதி கேட்டார். இல்லை என்றேன். அதுவும் உண்மை.

கோப்பு தானாகவே நத்தை போல நகர்ந்தது. ஒரு முத்திரைக்கு இரண்டு மாதம், ஒரு பரிசோதனைத் தாளுக்கு மூன்று மாதம். தாமதம் செய்வதில் நம் அலுவலகங்களுக்கு நிகர் கிடையாது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் எதையும் தடுக்கவில்லை, துரிதப்படுத்தவும் இல்லை. பிறகு அக்டோபரில், யாரும் எதிர்பாராத விதமாக, எல்லாத் தாளும் ஒரே நாளில் வந்து சேர்ந்துவிட்டன.

என் அப்பா பழைய நகரத்தில் துணி விற்றவர். எங்கள் தெருவில் வாடிக்கையாளரிடம் இல்லை என்று சொல்வது அசிங்கம். கொடுக்க மனமில்லாத துணியைக் கேட்டால் அப்பா சிரித்த முகத்தோடு, "உங்களுக்கில்லாததா, நாளைக்கு வாங்க" என்பார். நாளைக்கு வந்தால் சாவி தம்பியிடம் இருக்கும். மறுநாள் வந்தால் மூட்டை பிரிக்காமல் இருக்கும். மூன்றாம் நாள் அவரே வேறு கடைக்குப் போய்விடுவார், அதுவும் அப்பாவை வாழ்த்திவிட்டு. யார் மனமும் நோகாது. உலகத்தில் இதைவிட மரியாதையான வழி இருப்பதாக நான் இன்று வரை நினைக்கவில்லை.

திங்கட்கிழமை பழைய ஸ்கேனர் செத்துப் புதியது வந்தது. நஸீஹா அக்கா பொத்தானை அழுத்தினார். அனுமதி மறுக்கப்பட்டது என்று ஒரு வரி வந்தது. என்னைக் கூப்பிட்டார். நான் கணினி நிர்வாகியின் கணக்கில் நுழைந்து ஒரு பக்கம் எடுத்தேன், பளிச்சென்று வந்தது.

"பாத்தியா, உன் கை பட்டா வேலை செய்யுது, என் கை பட்டா முறைக்குது. என் மாமியாரும் இப்படித்தான்டா, மகன் சமைச்சா மட்டும் நக்கி நக்கிச் சாப்பிடுவா" என்றார்.

காரணம் எனக்கு அரை நிமிடத்தில் தெரிந்துவிட்டது. லினக்ஸில் எந்தக் கருவியை யார் தொடலாம் என்பதற்குக் குழுக்கள் உண்டு. இந்தப் புது ஸ்கேனரைத் திறப்பதற்கான குழுவில் நஸீஹா அக்காவின் பெயர் இல்லை. சேர்த்தால் முடிந்தது. செவ்வாய் காலை ஒன்பது மணி பன்னிரண்டு நிமிடத்துக்குச் சேர்த்தேன். பதிவேட்டில் நீங்கள் பார்த்த நேரம் அதுதான். என் மேல் சந்தேகம் வராததற்குக் காரணமும் அதுதான்.

ஆனால் பெயரைச் சேர்த்தால் உடனே பலிக்காது. உள்ளே நுழைந்த நேரத்தில் கையில் வாங்கிய பட்டியலை வைத்துக்கொண்டுதான் அந்தக் கணக்கு உட்கார்ந்திருக்கும். முழுக்க வெளியேறி மறுபடி நுழைந்தால்தான் புதுப் பட்டியல் கைக்கு வரும். திரையைப் பூட்டித் திறப்பது அதில் சேராது. எங்கள் தொழிலில் முதல் வாரத்தில் கற்கிற பாடம் இது. நஸீஹா அக்கா கடைசியாக உள்ளே நுழைந்தது ஆகஸ்ட் மாதத்தில். ஒருமுறை வெளியேறியபோது பாதி நிரப்பிய படிவங்கள் பறிபோனதிலிருந்து அவர் அந்தப் பக்கமே போவதில்லை.

"அனுமதி குடுத்தாச்சுக்கா" என்று சொன்னேன். வெளியேறி நுழையுங்கள் என்று சொல்லவில்லை. நான் செய்தது இவ்வளவுதான். சொல்லாமல் விட்டதைச் செய்தது என்று எழுதலாமா என்பதை நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள்.

செவ்வாய் மதியம் மறுபடி அதே வரி வந்தது. கம்பியில் கோளாறு இருக்கும் என்று வேறு கம்பி மாற்றினேன். புதன்கிழமை துளையை மாற்றிச் செருகினேன். பின்னால் குனிந்து தூசி ஊதினேன். அக்கா எனக்குக் காப்பி வாங்கி வந்து பக்கத்தில் நின்று, சொந்த அண்ணனுக்காக இப்படித் தரையில் தவழ்கிறாயே என்று கண் கலங்கினார்.

கடைசி நாளான வியாழன் காலை பத்து மணிக்கு அவர் என்னைத் தனியாக அழைத்தார்.

"தம்பி, உன் கணக்குலதான் ஓடுதே. நீயே நாப்பத்தொரு பக்கத்தையும் எடுத்துக் குடுத்துடு. நான் அனுப்பிடறேன். யாரு கேக்கப் போறா?"

"என் வீட்டுக் கோப்பை என் கையாலயே எடுத்தா நல்லா இருக்குமாக்கா? நாளைக்கு எவனாவது தாளை மாத்திட்டான்னு சொன்னா, அண்ணனுக்குத்தானே கெட்ட பேரு?"

அவர் என் தோளைத் தட்டினார். பிறகு, "உன்னை மாதிரி ஆளு இந்தக் கட்டடத்துல இல்லடா" என்றார். மற்றவர்களின் கோப்புகளையாவது எடுத்துக் கொடு என்று கேட்டார். அவற்றை எடுத்துக் கொடுத்தேன். இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். அந்த மூவருக்கும் குழு ஒப்புதல் கொடுத்தது, இரண்டு பேர் நன்றாக இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள். நான் யாருக்கும் பொதுவாகக் கெடுதல் நினைக்கிறவன் இல்லை.

மதியம் பன்னிரண்டு இருபதுக்குக் கணினியை நிறுத்தி மறுபடி ஏற்றினேன். ஸ்கேனர் உடனே திறந்தது. அக்கா நாற்பத்தொரு பக்கத்தையும் ஒன்று விடாமல் எடுத்து, பன்னிரண்டு ஐம்பதுக்கு அனுப்பினார். நேரம் முடிந்தது, பிப்ரவரிக் கூட்டத்தில் பார்க்கப்படும் என்று பதில் வந்தது. அவர் ஸ்கேனர் மூடியின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். நிறுத்தி ஏற்றியதும் வேலை செய்ததை அவரும் பார்த்தாரே. அணைக்காமல் வைத்திருந்த பழக்கம்தான் ஷெத்லியின் உயிருக்கு உலை வைத்தது என்று அவருக்கே தோன்றிவிட்டது. நான் மறுக்கவில்லை. விடுங்கள் அக்கா, விதி என்று சொன்னேன்.

அண்ணன் டிசம்பர் பதினாறாம் தேதி இறந்தான். பிப்ரவரிக் கூட்டத்துக்கு இரண்டு மாதம் முன்னதாக. கடைசி வாரம் நான் பக்கத்தில்தான் இருந்தேன். முகம் வீங்கிக் கண் சிறுத்துவிட்டது. ஒரு மதியம் விழித்து, "பிப்ரவரி வரைக்கும் அதைப் பத்திரமா வச்சுக்கடா. காரசாரமா எதையும் தின்னு கெடுத்துடாத, அது என்னோடது" என்றான். சரி என்றேன். எனக்கு ஏதாவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. ஜன்னலுக்கு வெளியே யாரோ கார் கழுவிக்கொண்டிருந்தார்கள், அந்தத் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நஸீஹா அக்கா மூன்றாம் நாள் துக்கத்துக்கு வந்து அண்ணியின் காலடியில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டார். அண்ணி மன்னிக்கவில்லை. ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிறவரை நீங்கள் வேலையை விட்டு நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். அவர் பேரில் எழுதியிருப்பதை எடுத்துவிடுங்கள். வெளியேறச் சொல்லியிருந்தால் அவர் வெளியேறியிருப்பார்.

அறுவைக் கத்திக்குப் பயந்துவிட்டாய் என்று நீங்கள் நினைப்பீர்கள். அப்படி எழுதினால் உங்களுக்கும் சுலபம், எனக்கும் கௌரவம். ஆனால் அது சரியல்ல. ஜூன் மாதமே டாக்டர் அம்மா என்னைத் தனியறையில் உட்காரவைத்தார். கதவைச் சாத்தினார்.

"வஜ்தி, மனசு இல்லைன்னா இப்பவே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. உங்க உடம்பு ஒத்துக்கலைன்னு நானே வீட்ல சொல்லிடறேன். யாருக்கும் தெரியாது. உங்க அக்கா தலீலா தயாரா இருக்காங்க, ரத்தமும் சேருது. நீங்க முன்னாடி நிக்கறதாலதான் அவங்க ஒதுங்கி இருக்காங்க."

வெளியே தலீலா அக்கா பெஞ்சில் உட்கார்ந்து எனக்காக மாதுளம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் கதவின் கண்ணாடி வழியாக அதைப் பார்த்தேன். நான் சொல்லிவிட்டால் நாளை முதல் அந்தப் பழத்தை இவளுக்கு வேறு யாராவது உரிப்பார்கள். மீனின் நடுத்துண்டு இவள் தட்டுக்குப் போகும். நான் உடம்பு ஒத்துக்கொள்ளாதவன் ஆகிவிடுவேன், அதாவது மறுபடியும் ஷெத்லியின் தம்பி. கொடுத்துவிட்டாலும் அதே கதைதான். ஒரு வருடம் பேசுவார்கள், பிறகு அண்ணன் எழுந்து நடப்பான், சத்தமாகச் சிரிப்பான், அறையில் எல்லோரும் அவன் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். கொடுக்கப் போகிறவனாக இருக்கிற வரைக்கும்தான் எனக்கு இடம் இருந்தது. டாக்டரிடம், எனக்குப் பயமில்லை, நான்தான் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து மாதுளம்பழத்தைச் சாப்பிட்டேன்.

ஆகவே என் அண்ணனைக் கொன்றது நான் என்று எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். அறிக்கையில் என் பெயருக்கு எதிரே, கொடுக்க மறுத்தவர் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அண்ணி படிப்பாள், தலீலா அக்கா படிப்பாள். கடைசி நாள் வரைக்கும் கேட்டவர் ஒருவரிடமும் நான் மாட்டேன் என்று சொன்னதில்லை.