சக்கரம் ஓர் ஊரில், சாவி மறு ஊரில்: லஸ்கர் இருளப்பசாமி அவர்களுக்கு

மடை காத்த மாண்பே! மண்வெட்டிகளுக்கு நடுவே மார்பு காட்டி நின்ற மறமே! முப்பத்தோர் ஆண்டுகள் வெயிலை மேல்சட்டையாக்கி, சேற்றைச் செருப்பாக்கி, கண்மாய்க் கரையையே காரியாலயமாக்கி உழைத்த எங்கள் அண்ணாச்சி, மடை திறந்து மூடும் பொதுப்பணித்துறை லஸ்கர் இருளப்பசாமி அவர்களே! வணக்கம்.

ஓய்வு பெறும் நாளில் தங்களைப் பூப்போலப் புகழ வேண்டும் என்பது முறை. எங்களுக்கு அந்த மனநிலை இல்லை. கோபமாக இருக்கிறோம், கோபத்தோடேதான் இதை எழுதினோம். தங்கள் முகத்துக்கு நேரே சொன்னால், "போதும்லே, உக்காரு" என்று எழுந்து போய்விடுவீர்கள். ஆகவே சபையைப் பார்த்துச் சொல்கிறோம். தாங்கள் மாலையோடு செத்த நேரம் பேசாமல் இருங்கள்.

சபையோரே! ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே, மலையைப் பார்த்துக் கிடக்கிறது ஒரு கண்மாய். அதற்கு ஒரே மடை. மடைக்கு வெளியே வடக்கு வாய்க்கால் வாகையடிப்பட்டிக்கு, தெற்கு வாய்க்கால் மேலநத்தத்துக்கு. தண்ணீர் ஒன்று, மனசு இரண்டு. ஓர் ஊர்ச் சாவுக்கு மறு ஊர் போகாது. டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்காராது. மடை திறக்கும் நாளெல்லாம் மண்டை உடையும் நாள். இருளப்பசாமி இந்தக் கரைக்கு மாற்றலாகி வந்த வருஷம், வாகையடிப்பட்டி ஐயாதுரைக்கு ஒரு கண் போனது. மேலநத்தத்து ஆட்கள் ஒன்பது பேர் கோர்ட்டுக்கு அலைந்தார்கள்.

இருளப்பசாமி சமாதானம் பேசவில்லை. பேசிப் பார்த்தவர்கள் பட்ட பாடு அவருக்குத் தெரியும். தூர்வாரும் மாசி மாதத்தில் இரண்டு ஊரையும் கரைக்கு வரச்சொல்லி ஒரே ஓர் ஏற்பாடு செய்தார். வடக்கு வாய்க்காலை மேலநத்தத்தார் வெட்ட வேண்டும். தெற்கு வாய்க்காலை வாகையடிப்பட்டியார் வெட்ட வேண்டும்.

"அவிய வாய்க்காலுக்கு நாங்க ஏன் இடுப்பொடியணும்?"

"ஒன் வாய்க்கால நீயே வெட்டுனா கெணறு மாதிரி வெட்டுவ. அதான்."

முதல் வருஷம் வாகையடிப்பட்டியார் வன்மத்தில் தெற்கு வாய்க்காலைப் பாதி ஆழம் சுரண்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். மடை திறந்ததும் தெற்கே போக வழியில்லாத தண்ணீர் மொத்தமும் வடக்கே திரும்பி, அவர்கள் வயலிலேயே பயிர் மூழ்க ஏறி நின்றது. ஊரே திரண்டு வந்து கத்தியது. இருளப்பசாமி வரப்பில் நின்று ஒரு வார்த்தைதான் சொன்னார்: "வெட்டுனது நீங்கதான? குடிங்க."

மறு வருஷம் தெற்கு வாய்க்கால் நூல் பிடித்தாற்போல இருந்தது.

அதன் பிறகுதான் ஷட்டரைத் தூக்கும் இரும்புச் சக்கரத்தைக் கழற்றி வாகையடிப்பட்டி பாலம்மாளிடம் கொடுத்தார். ஷட்டர்ப் பூட்டின் சாவியை மேலநத்தம் பரிபூரணத்திடம் கொடுத்தார். ஒருத்தி வராமல் மற்றவள் தன்னிடம் இருப்பதை எடுக்கக்கூடாது. இருவரும் கரைக்கு வந்தால்தான் மடை திறக்கும். பொம்பளைகளிடம் ஏன் என்று மீசைகள் முறைத்தன. "ஒங்ககிட்ட குடுத்தா இந்தச் சக்கரம் ஷட்டர்ல மாட்டாது, எவன் மண்டையிலயாவதுதான் மாட்டும்" என்றார்.

பதினான்கு வருஷம்! ஒரு மண்டை உடையவில்லை, ஒரு கேஸ் இல்லை. சீமைக்கருவேலத்தை இரண்டு ஊரும் சேர்ந்து வேரோடு பிடுங்கின. கரை நெடுக ஊன்றிய பனங்கொட்டைகள் ஆள் உயரம் வளர்ந்து நிற்கின்றன. எந்தக் கன்றை எந்த ஊர் ஊன்றியது என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது.

இதற்குப் பரிசாகப் போன வாரம் மேலிடத்திலிருந்து மெமோ வந்தது. அரசு உடைமையான சக்கரம் ஒன்றையும் சாவி ஒன்றையும் தனிநபர்களிடம் ஒப்படைத்தது ஏனாம். மீட்டு ஒப்படைக்கத் தவறினால் ஓய்வு ஆணை நிறுத்தி வைக்கப்படுமாம்! ஐயாதுரைக்குக் கண் போனபோது ஒரு வரி எழுதாத கை. பதினான்கு வருஷ அமைதி எப்படி வந்தது என்று ஒருநாளும் கேட்காத வாய். ஓர் இரும்புத்துண்டு எங்கே என்று கேட்க மட்டும் தாளும் மையும் தபாலும் கிடைத்துவிட்டன. நாங்களும் யோக்கியர்கள் இல்லை. அந்த மெமோவைக் கொடுத்து அவரிடம் கையெழுத்து வாங்கியது எங்களில் ஒருவரான கண்ணுச்சாமிதான்.

இருளப்பசாமி தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தார். மாற்றலாகி வந்த நாளிலிருந்து தலை நிமிர்ந்து நடந்த கரையில், கடைசி வாரம் திருடனைப் போலப் போக வேண்டியிருக்கிறதே என்பதுதான் அவருக்கு நெஞ்சில் உறுத்தியது. வாகையடிப்பட்டியில் பாலம்மாள் வாசலை மறித்து நின்றார்.

"பரிபூரணத்தக்கா வராம சக்கரம் வாசப்படி தாண்டக்கூடாதுன்னு நீங்கதான சொன்னிய?"

"இப்ப நாந்தான தாயி கேக்கேன்."

"நீங்க கேட்டாலும்தான் அண்ணாச்சி."

மேலநத்தத்திலும் அதே கதை. "பாலம்மா வரட்டும். அது கெடக்கட்டும், ஒங்க மூஞ்சி ஏன் இப்படிக் கெடக்கு? எந்தப் பய என்ன சொன்னான்?" என்றார் பரிபூரணம். இருளப்பசாமி மெமோவை எடுத்துக் காட்டினார். படித்து முடித்த பரிபூரணம் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, வாகையடிப்பட்டிக்கு நடந்தார்.

அண்ணாச்சி! இனி உங்களைப் பார்த்துச் சொல்கிறோம். கால் தளராமல், கண் மங்காமல், எவருக்கும் விளக்கம் எழுத வேண்டிய அவசியம் வராமல், சோழபுரத்து வீட்டில் நீங்கள் நெடுங்காலம் நலமோடு வாழ வேண்டும்! இந்த மடலைச் சட்டம் போட்டு மாட்டும்போது பக்கத்திலேயே அந்த மெமோவையும் மாட்டுங்கள். வருகிறவர்கள் இரண்டையும் படிக்கட்டும்.

மெமோவில் கையெழுத்திட்டு மேடையில் அமர்ந்திருக்கும் அதிகாரி அவர்களே! தாங்கள் கேட்ட சக்கரமும் சாவியும் இதோ இந்த மேசைமேல் இருக்கின்றன. ஒப்படைத்தாயிற்று, எங்கள் அண்ணாச்சி மேல் இனி ஒரு குறையும் இல்லை. நாளைக் காலை மடை திறக்கும் நாள். இரண்டு ஊரும் கரையில் நிற்கும். தாங்களே வெயிலில் வந்து திறந்து, யாருக்கு எம்புட்டு என்று நடுவில் நின்று சொல்லுங்கள். முடியாது என்றால், இந்த மேசையிலிருந்தே திருப்பிக் கொடுங்கள். வாங்க வேண்டியவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. பாலம்மாளும் பரிபூரணமும் முதல் வரிசையில்தான் இருக்கிறார்கள், ஒரே பெஞ்சில்.

இங்ஙனம்,
நாளைக் காலை அந்தக் கரையில் நிற்கவிருக்கும் சக ஊழியர்கள்,
சமுத்திரம், மாரிசெல்வி, பாண்டிதுரை,
வெட்கத்தோடு கண்ணுச்சாமி.