நாலும் ஒன்றாக மின்னிய சிக்னல்

எனது பெயர் மூக்கன் பழனியாண்டி. வயது ஐம்பத்து மூன்று. வசிப்பது உருத்திரபுரம். ஒன்பதாம் வகுப்பு வரை படித்துள்ளேன். தொழில் கேட்கப்பட்டபோது முதலில் எலெக்ட்ரீசியன் என்று சொன்னேன். சான்றிதழ் உண்டா என்று கேட்கப்பட்டதும் அதை வெட்டிவிட்டு, கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் லைட் சோடனை செய்பவன் என்று எழுதச் சொன்னேன். வெட்டிய இடத்தில் சிறு கையொப்பம் வைத்துள்ளேன். இந்த வாக்குமூலத்தால் எனக்கு எதிராகவும் வழக்கு வரலாம் என்று விளங்கப்படுத்தப்பட்டது. விளங்கிக்கொண்டே சொல்கிறேன்.

நேற்றைய விபத்தில் கால் முறிந்தவர் எனது மகள் சுமித்திரா. பரந்தனில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறாள். அவள் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிள் என்னுடையது. அதன் பின் லைட் மங்கல். மாரி காலத்தில் ஒருநாள் பின்னால் வந்த உழவு இயந்திரம் தன்னை முட்டப் பார்த்தது என்று மகள் சொன்னாள். அதன்பின் எனக்கு மனம் கேட்கவில்லை. சோடனைக்கு வாங்கும் கடையிலேயே எல்.ஈ.டி பல்புகள் வாங்கி, பிரேக் லைட்டையும் நாலு சிக்னலையும் நானே மாற்றினேன். மெக்கானிக்கிடம் கொண்டுபோகவில்லை. கோயில் கோபுரத்தையே மின்ன வைத்தவனுக்கு இது என்ன பெரிய வேலை என்பது எனது எண்ணம்.

முதலில் சிக்னல் மின்னாமல் விறைத்து நின்றது. அதன்பின் சிக்னலை விட்டுவிட்டு எரியச் செய்யும், எல்.ஈ.டிக்குரிய ரிலே வாங்கிப் போட்டேன். மின்னியது. மகள் முற்றத்தில் ஏறியிருந்து பார்த்துவிட்டு, “அப்பா, நான் வலப்பக்கம்தானே போட்டனான், நாலும் மின்னுதே?” என்று கேட்டாள். எனது தொழிலில் எல்லாம் ஒன்றாக மின்னினால் சம்பளம், ஒன்று பிந்தினால் பேச்சு. ஆகவே நான், “நாலும் மின்னினாத்தான் மகள் தூரத்தில தெரியும். பின்னால வாறவன் கண்ணை மூடிக்கொண்டு வந்தாலும் தெரியும்” என்றேன். எனது மனைவி சிவலட்சுமி அகப்பையோடு குசினி வாசலில் நின்று, “சாமியை ஏத்தி ஊர்வலம் விடுங்கோ” என்றார். மூவரும் சிரித்தோம். மகள் அதற்கு மேல் கேட்கவில்லை.

நேற்றுப் பின்னேரம் மகள் பரந்தனிலிருந்து வந்து, உருத்திரபுரம் வீதிக்குத் திரும்பும் சந்தியில் வலப்பக்கச் சிக்னல் போட்டு, பிரேக் பிடித்துத் திரும்பியிருக்கிறாள். முல்லைத்தீவிலிருந்து கருவாடு ஏற்றி வந்த சின்ன லொறி அவளை வலப்பக்கத்தால் முந்தப் போய் இடித்துள்ளது. அதன் சாரதி மஸாஹிர் என்பவர். அவரே மகளைத் தூக்கி ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். நான் போனபோது அவரது சேட்டில் மகளின் இரத்தம் இருந்தது. அவர் என்னிடம், “அண்ணன், நாலும் மின்னினது. நேர போறா எண்டுதான் நான் முந்த எடுத்தன்” என்றார். சந்தியில் நாலு சிக்னலும் போட்டால் நேரே போகிறேன் என்று அர்த்தம் எடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். சட்டத்தில் உண்டோ தெரியாது, நானும் அப்படித்தான் எடுப்பேன். ஆனாலும் அந்த நேரம் அவரது சேட்டைப் பிடித்து, ஆஸ்பத்திரி வாட்டில் எல்லோரும் கேட்க, “பொய்காரா” என்று ஏசினேன். பொலிசார் கட்டிலடியில் வந்து கேட்டபோது மகள், “வலப்பக்கம் சிக்னல் போட்டனான்” என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் சேலைன் போத்தலைப் பார்த்தேன்.

இன்று காலை மோட்டார் சைக்கிளைப் பார்க்க இந்தப் பொலிஸ் நிலைய வளவுக்கு வந்தேன். பொலிசாரின் அனுமதியோடு திறப்பைப் போட்டுத் திருகி வலப்பக்கச் சிக்னலைத் தட்டினேன். நாலும் மின்னின. உடைந்து வயரில் தொங்கியதும் மற்றவற்றோடு பிசகாமல் மின்னியது. எங்கள் ஊர் மெக்கானிக் சஜீவனுக்குப் போன் எடுத்துக் கேட்டேன். அவர், “அண்ணை, மீட்டருக்குள்ள இருக்கிற சிக்னல் பல்பு ரெண்டு பக்கத்துக்கும் பொது. அதுக்குள்ளால கசியிற கரண்ட் பழைய பல்புக்குக் காணாது, எல்.ஈ.டிக்குக் காணும். அதுதான் மற்றப் பக்கமும் எரியுது. அந்தப் பல்பையும் மாத்தியிருக்க வேணும். என்னட்டக் கொண்டுவந்திருக்கலாமே?” என்றார். போனை வைத்தேன்.

ஆகவே மகள் சொன்னதும் உண்மை, சாரதி சொன்னதும் உண்மை. பிழை நான் பூட்டிய லைட்டில் இருந்தது. மகள் முற்றத்திலேயே கேட்டாள். கேட்டும் நான் திருத்தவில்லை.

அதன்பின் இந்த வாக்குமூலம் கொடுக்க உள்ளே வந்தேன். நேற்றிலிருந்து இங்கே தடுத்து வைக்கப்பட்டிருக்கும் மஸாஹிரின் மனைவி ஹாலிதா, வாசலில் கிடந்த மர வாங்கில் சோற்றுப் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். இன்று பின்னேரம் கணவரை நீதவான் முன் கோட்டுக்குக் கொண்டுபோகப் போவதாக அவரிடம் சொல்லப்பட்டிருந்தது. என்னை அவருக்குத் தெரியும். நேற்று வாட்டில் நான் ஏசியபோது, செய்தி கேட்டு வந்து கணவருக்குப் பக்கத்தில் நின்றவர். எழும்பி, “பிள்ளைக்கு இப்ப எப்பிடி அண்ணன்?” என்று கேட்டார். “சுகம்” என்றேன். உங்கள் கணவர் பொய் சொல்லவில்லை என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் இதை எனக்கு வாசித்துக் காட்டும்போது அந்த வாங்குவரை கேட்கும்படி வாசிக்குமாறு பொலிஸ் ஐயாவிடம் கேட்டுக்கொண்டேன்.

அவ்வாறே உரத்து வாசிக்கப்பட்டது. கேட்டேன். நான் சொன்னபடியே உள்ளது. எல்லாம் உண்மை. கூட்டவோ குறைக்கவோ எதுவும் இல்லை.

(ஒப்பம்) மூ. பழனியாண்டி