மரகதம் என்று போட்ட மோதிரம்

மடவார் வளாகத்தில் வைத்தியநாத சுவாமியைக் கும்பிட்டுவிட்டு ராஜபாளையம் பஸ் ஏறினேன். முன் சீட்டில் ஓர் அக்காளும் தம்பியும். தம்பி காங்கேயத்தில் கல்லுக்குப் பட்டை தீட்டுகிறவர் என்று பேச்சில் தெரிந்தது. அக்காள் கொடுத்த மோதிரத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இது மரகதமே இல்லக்கா. அமேசானைட்டு. எந்தப் புண்ணியவான் ஒன் தலையில கட்டுனான்?"

"ஒன் மச்சான் வலிப்புக்குன்னு மூணு மாசத்துக்கு முந்தி ஜோசியர் குடுத்தது. பச்சையாத்தானல இருக்கு?"

"உள்ள துளி ஈயம் இருக்கதால வந்த பச்சை. பாறைக்கொழம்பு பூமிக்குள்ள மெதுவா ஆறி உறைஞ்ச கல்லு. கம்மல், பாசிக்கு நல்லாருக்கும். மரகதம் அளவுக்குக் கெட்டி கிடையாது. அதான் மூணே மாசத்துல கீறல் விழுந்திருக்கு."

அக்காள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அந்தக் கீறலப் பாத்துட்டுத்தான், தனக்கு வர இருந்த கண்டத்தைக் கல்லு வாங்கிக்கிச்சுன்னு ஒன் மச்சான் சொன்னாவ. வலிப்பு மாத்திரை அம்புட்டையும் கிணத்துல கொட்டிட்டாவ. இதவிடப் பெரிய கல்லா மாத்திட்டு வான்னு என்னை அனுப்புனதே அவியதான்."

"மச்சான் இப்ப எங்க?"

"மில்லுல. ரெண்டு மாசத்துக்குப் பொறவு இன்னைக்குத்தான் மிசின்ல நிக்காவ."

தம்பி எழுந்துவிட்டார்.

"கண்டக்டரண்ணே, மில்லு ஸ்டாப்புக்கு இன்னும் எம்புட்டு நேரம்?"